மயினி பிடித்த கயிறு

பூசை தொடங்கும் முன் உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்றைய பூசைக் கருத்துகளை வாசித்தார். தொழிலுக்குப் போய் ஊர் திரும்பாமல் இருக்கிற ஜாய்சன் நல்ல சுகத்தோடு வீடு வந்து சேர வேண்டி, கேட்பவர் அக்காள் பிளாரன்ஸ். அது நான். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு சுகவீனம், ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, ஒரு திருமண நாள். அதற்கடுத்து அதே குரலில், அதே இழுவையில் வந்தது: மரித்த ஜாய்சன் அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, கேட்பவர் மனைவி ஜெர்லின்.

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று உபதேசியாருக்கே உறைத்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒரே ஆள், ஒரே பூசையில், உயிரோடும் இருக்கிறான், செத்தும் போயிருக்கிறான். புன்னைக்காயல் கோயில் கட்டின நாள் முதல் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. பின்வரிசையில் சிரிப்பை முந்தானைக்குள் அடக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தூணோரத்தில் ஜெர்லின் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று நற்கருணை வாங்கக்கூட எழுந்து போகவில்லை.

ஜாய்சன் என் தம்பி. எங்கள் அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போகிற வயது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் பெண் பார்த்ததும் நான்தான். தொழில் சங்குகுளி. வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போய்ச் சங்கு பொறுக்க வேண்டும். இரண்டரை வருசத்துக்கு முன்னால் ஒருநாள் தேவபிரசாதம் அண்ணனின் வள்ளத்தில் போனான். தேவபிரசாதம் அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். கேட்டதற்கு, கரையிலிருந்து அவனுக்கு யாரோ போன் போட்டார்கள், கொச்சிப் பக்கம் ஆழ்கடல் போட்டில் ஆள் எடுக்கிறார்களாம், பழையகாயலில் இறங்கி அப்படியே போய்விட்டான் என்றார். பொண்டாட்டியோடு முதல்நாள் சண்டை போட்டிருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பிறகு கொச்சிக்குப் பக்கத்திலுள்ள முனம்பம் துறையில் அவனைப் போல ஒருத்தனைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். அந்த மனிதருக்கு நான் மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டு அனுப்பினேன்.

அடுத்த வருசம் கல்லறைத் திருநாள் அன்று கதை மாறியது. ஊரே கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது தேவபிரசாதம் அண்ணன் குடித்துவிட்டு ஜெர்லின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாராம். ஜாய்சன் எங்கேயும் போகவில்லை, கப்பல் பாரில் கிடக்கிறான் என்று சொன்னாராம். கப்பல் பார் என்று நாங்கள் சொல்வது பெரிய சண்டைக் காலத்தில் முழுகிப்போன ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிற இடம். ஜப்பான்காரன் போட்ட குண்டு என்று சிலர் சொல்வார்கள், வெள்ளைக்காரன் மிதக்கவிட்ட வெடியில் அவன் கப்பலே மாட்டிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். வலை போனால் மாட்டும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் வலை விடமாட்டார்கள். ஆனால் கப்பலில் இன்னும் பித்தளை இருக்கிறது. ஜாய்சன் அன்றைக்குச் சங்குக்கு இறங்கவில்லை, பித்தளைக்கு இறங்கியிருக்கிறான். ரொம்ப நேரம் ஆன பிறகு தேவபிரசாதம் அண்ணன் குழாயை இழுத்திருக்கிறார். அறுந்த குழாய் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. பித்தளை எடுக்கப் போன வழக்கும் வருமே என்று பயந்து, வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து கொச்சிக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

ஜெர்லின் அவரைக் கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசல்படி ஏறியதும் மனிதர் பழைய கதைக்கே திரும்பிவிட்டார். முதலில் ஒன்று சொன்னவர் பிறகு ஒன்று சொல்லி மறுபடியும் முதலில் சொன்னதையே சொன்னால் எதை நம்புவது? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஓடிப்போனவன் ஒருநாள் திரும்பி வரலாம். அதனால் அவன் ஓடிப்போனவனாகவே இருக்கட்டும் என்று பிடித்த பிடியில் நின்றேன்.

அவள் பிடித்த பிடி வேறு. மீனவப் பெண்களுக்குக் கடலுக்கடியில் இறங்கப் பயிற்சி கொடுத்து, பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம் அறிவிப்பு போட்டது. எங்கள் ஊரிலிருந்து போனவள் அவள் ஒருத்திதான். முதுகில் காற்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கமெல்லாம் இறங்கி ஏறி, ஒரு வருசத்துக்குள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். சேலையை மடித்துக் கட்டி அலையில் கால் நனைக்கவே யோசிக்கிற பெண்கள் நாங்கள். அவள் ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற படம் பேப்பரில் வந்தபோது ஊரில் பேசாத பேச்சு இல்லை. புருசன் இல்லாத திமிர் என்றார்கள். எதற்காகக் கற்றுக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு நான் தலையாட்டவில்லை.

பூசை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, உயிரோட இருக்கவனுக்கு எதுக்கு ஆத்துமப் பூசை கொடுத்த?"

"இல்லாத ஆளு வீடு வந்து சேரணும்னு நீங்க எதுக்கு மயினி பூசை கொடுத்திய?" என்றாள். புருசனின் அக்காளை எங்கள் பக்கம் மயினி என்றுதான் கூப்பிடுவோம். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள். "வார ஞாயித்துக்கிழம கப்பல் பாருல இறங்கப் போறேன். பாலகணேஷ் சாரும் கூட இறங்குதாரு. தேவபிரசாதம் அண்ணன் வள்ளம் ஓட்டுதாவ. எனக்குக் கயிறு நீங்கதான் பிடிக்கணும்."

எங்கள் கடற்கரையில் கயிறு பிடிப்பது என்றால் சும்மா இல்லை. முத்துக் குளித்த காலத்திலிருந்து சங்கு குளித்த காலம் வரைக்கும் கீழே இறங்குகிறவனுக்கு அவன் பொண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் மேலே இருந்து கயிறு பிடிப்பான். பெற்ற தகப்பனைக்கூட நம்ப மாட்டார்கள். மச்சான் கயிற்றை விட்டால் அவன் தங்கச்சி தாலி போகும், அதனால் அவன் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு. என் அப்பாவுக்கு என் மாமா பிடித்தார். கம்ப்ரசர் வந்த பிறகு கயிறு போய்க் குழாய் வந்தது, அதையும் மச்சான்மார்தான் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்லின் ஒற்றைப் பெண்பிள்ளை. ஜாய்சனுக்கு மச்சான் கிடையாது. அதனால்தான் தேவபிரசாதம் அண்ணன் வள்ளத்தில் போனான். ஒரு பெண்பிள்ளை இறங்கினால் யார் கயிறு பிடிக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் யாரும் யோசித்ததில்லை. யோசிக்கும் அவசியம் வந்ததில்லை.

"உங்க அம்மைய பிடிக்கச் சொல்லு," என்றேன்.

"எங்க அம்மை கயிறு லேசா அசைஞ்சாலே இழுத்துருவா. நான் போன சோலிய முடிக்க முடியாது. தேவபிரசாதம் அண்ணனுக்குக் கை நடுங்குது. நீங்கதான் என்னைய நம்பலல்லா. நம்பாதவிய கையில கயிறு இருக்கட்டும். நான் என்ன எடுத்துட்டு வந்தாலும் நாளைக்கு யாரும் கதைன்னு சொல்ல முடியாதுல்லா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா அடுத்த வாரம் முனம்பத்துக்கு நானே உங்கள கூட்டிட்டுப் போறேன். துறை துறையா தேடுவோம்." அரிசியை உலையில் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஒன்றரை வருசமா நான் ஒத்தையில அழுதுக்கிட்டு இருக்கேன் மயினி. கூட அழ வேண்டிய ஆளு நீங்க. நீங்க வீட்டுல விளக்கப் போட்டு வச்சிட்டு வாசலப் பாத்துட்டு இருக்கிய. எனக்கு எவ்வளவு நாள் இப்பிடி முடியும்னு தெரியல."

இவள் இறங்கட்டும், இரும்பையும் பாசியையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வரட்டும், அதற்குப் பிறகு கோயிலில் ஒரு பூசைக் கருத்துதான் வாசிப்பார்கள், அது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று வைராக்கியத்தோடு சரி என்றேன். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பாலகணேஷ் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர். தூத்துக்குடி டவுன்காரர், முப்பது வயசு இருக்கும். புதன்கிழமை சாயந்தரம் வந்தார். கயிறு என்றதும் எழுந்தே விட்டார்.

"அக்கா, கடலுக்கடியில கிடக்கிற கப்பல்ல கயித்தக் கட்டிட்டுப் போறது மாதிரி முட்டாள்தனம் கிடையாது. இரும்புல மாட்டும். எங்க ஆளுங்க யாரும் செய்யமாட்டாங்க."

"சார், நீங்க கயிறு வேண்டாம்னா நான் உங்க டேங்க்கும் வேண்டாம்னுட்டு கம்ப்ரசர் குழாயக் கடிச்சிட்டு இறங்கிருவேன்," என்றாள் ஜெர்லின். "எங்க ஊருல மேல பிடிக்க வீட்டாளு இல்லாம இறங்குனவிய ஒருத்தர்தான். அவியளத் தேடித்தான் போறோம்."

அவர் அவளோடு ஒரு வருசம் பழகினவர், தலைகீழாக நின்றாலும் அவள் மாறமாட்டாள் என்று தெரிந்திருக்கும். கடைசியில் இறங்கி வந்தார். கப்பலுக்குள் நுழையக் கூடாது, வெளிப்பக்கம் மட்டும்தான். கயிறு இடுப்பில் கொக்கியில் இருக்கும், தேவையென்றால் ஒரு நொடியில் கழற்றிவிட வேண்டும். அவர் கூடவே இருந்து கயிறு மாட்டாமல் பார்த்துக்கொள்வார். எதைக் கண்டாலும் தொடக்கூடாது, இடத்தை மிதவை கட்டி அடையாளம் வைத்துவிட்டு மேலே வந்து மரைன் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜெர்லின் சரி சார் சரி சார் என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னது எனக்கு நல்லதாகப் படவில்லை.

பிறகு கயிற்றுப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் இன்னும் கயிறு விடு. மூன்று என்றால் மேலே வருகிறேன். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ஆபத்து, தூக்கு. கேட்கும்போது சுலபமாக இருந்தது. ஆனால் எங்கள் சங்குகுளியில் ஒரே ஒரு ஆட்டுதான் உண்டு. கீழே இருப்பவன் மூச்சு முடிந்து ஒரு ஆட்டு ஆட்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயசில் மணலில் நாங்கள் விளையாடின விளையாட்டே அதுதான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஜெர்லின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று ஒரு இழுப்பு இழுத்தாள். நான் இழுத்த இழுப்பில் கதவு நிலையில் போய் முட்டிக்கொண்டாள்.

"மயினி, ஒண்ணுன்னா நான் நல்லா இருக்கேன். இழுக்கப்பிடாது. நீங்களும் பதிலுக்கு ஒண்ணு இழுத்தாப் போதும்," என்றாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

சனிக்கிழமை வரைக்கும் தினமும் நான் இறால் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் இதே வேலைதான். கொல்லையில் அவள், வாசலில் நான், நடுவில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மயினியும் தம்பி பொண்டாட்டியும் கயிறு இழுத்து விளையாடுகிறார்கள் என்று கேலி பேசினார்கள். ஒன்றரை வருசமாக வாயைத் திறந்தால் சண்டையில் முடிந்ததால், கயிற்றில் பேசிக்கொள்வது எங்கள் இருவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. போனால் ஊர்க் கமிட்டி தண்டம் போடும். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம், கடலில் பார்க்க ஆள் இருக்காது. முதல் பூசைக்கு மணி அடித்தபோது நாங்கள் ஆற்று முகத்தைத் தாண்டியிருந்தோம். பங்குனி மாசக் கடல், காற்று இல்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், பிறகு ஐப்பசி கழியும் வரை அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது என்று பாலகணேஷ் சொன்னார். தேவபிரசாதம் அண்ணன் வடக்கே அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் சின்னதாகத் தெரிகிற இடத்தில் இன்ஜினை நிறுத்தினார். இடம் காட்டுகிற ஜி.பி.எஸ். கருவியை ஒருமுறைகூடப் பார்க்காமல் நிறுத்தினார். அப்போதுதான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. சும்மா கதை சொல்கிற ஆளுக்கு இந்த இடம் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

நங்கூரம் பத்துப் பாகத்தில், அதாவது அறுபது அடியில், தரை தட்டியது. ஜெர்லின் டேங்க்கை மாட்டிக்கொண்டு, காலில் துடுப்பைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். கயிற்றுக் கொக்கியை அவள் இடுப்பில் நான்தான் மாட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "பாத்துப் போ ஏளா," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். பாலகணேஷும் விழுந்தார். குமிழிகள் கொஞ்ச நேரம் வள்ளத்தை ஒட்டி வந்தன. பிறகு தள்ளிப் போயின.

கயிறு என் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போனது. நின்றது. ஒரு இழுப்பு வந்தது. நானும் ஒன்று இழுத்தேன். மறுபடி போனது. இவ்வளவு நாளும் கதவுக்குப் பின்னால் நின்ற பெண் இப்போது அத்தனை தண்ணீருக்குக் கீழே நிற்கிறாள், ஆனால் கையில் தெரிவது அதே இழுப்புதான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் நிற்பதும் நகர்வதும் திரும்புவதும் எனக்குத் தெரிந்தது. கப்பலின் பக்கவாட்டிலேயே மெல்லப் போகிறாள் என்று தெரிந்தது. இரண்டு இழுப்பு வந்தது, விட்டுக்கொடுத்தேன். கயிறு வள்ளத்தின் தலைப்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கிச் சாய்ந்தது.

"அங்கனதான்," என்றார் தேவபிரசாதம் அண்ணன். அன்றைக்கு அவர் பேசின முதல் பேச்சு. "அந்தப் பக்கம்தான் அவன் இறங்குனான்."

கயிறு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நான் ஒரு இழுப்பு இழுத்துக் கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லை. குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன, அது ஒன்றுதான் தைரியம். நான் என்னை அறியாமல் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி மந்திரத்தில் கயிறு அசைந்தது. ஒரே ஒரு இழுப்பு. இதுவரை வந்ததைவிடப் பலமாக, விலாவில் இடிக்கிற மாதிரி ஒன்று.

"ஒரு ஆட்டு வந்துட்டுல்லா. இழு," என்றார் தேவபிரசாதம் அண்ணன். எழுந்து நின்றுவிட்டார். "ஏளா பிளாரன்ஸ், இழுத்துரு. ஒண்ணுன்னா இழுக்கணும். உங்க அப்பன் காலத்துலேர்ந்து அதான். அவன அன்னைக்கு நான் நேரத்துக்கு இழுக்கல. நீயாவது இழு."

என் கை ஒரு முழம் இழுத்தும்விட்டது. அந்த ஒரு முழத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. நான் இப்போது இழுத்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பழைய வழக்கத்தில் இழுத்துவிட்டாள் என்பார்கள். பயந்துவிட்டாள் பாவம் என்பார்கள். ஜெர்லின் வெறுங்கையோடு மேலே வருவாள். பாலகணேஷ் கோபத்தில் இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வரமாட்டார். கச்சான் வந்துவிடும், தண்ணீர் கலங்கிவிடும். என் தம்பி இன்னும் ஒரு வருசம் முனம்பத்தில் ஏதோ ஒரு போட்டில் வலை இழுத்துக்கொண்டிருப்பான். அவனை உயிரோடு வைத்திருக்க நான் செய்ய வேண்டியதெல்லாம் கையை மடக்குவதுதான். ஆசையாக இருந்தது. இவ்வளவு ஆசையை நான் எதிலும் பட்டதில்லை.

ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. நாலு நாளாக நெற்றியை முட்டிக்கொண்டு அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான். நான் நல்லா இருக்கேன் மயினி, இழுக்காதீய. நல்லா இருக்கிறவளை நான் எதற்கு இழுக்க வேண்டும்?

"அவ நல்லா இருக்கா அண்ணே. நீங்க உக்காருங்க," என்றேன்.

இழுத்த முழத்தைத் தண்ணீருக்குள் திருப்பி விட்டேன். பிறகு ஒரு இழுப்பு இழுத்தேன். நானும் இருக்கிறேன் என்று அர்த்தம். உடனே கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தது. இன்னும் கயிறு வேண்டுமாம். கொடுத்தேன். மறுபடி இரண்டு. மறுபடி கொடுத்தேன். ஒன்றுமில்லாத இடத்தில் யாரும் இன்னும் இன்னும் என்று கயிறு கேட்கமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தது, கை கொடுத்துக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

திடீரென்று கயிறு தொய்ந்தது. எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத மாதிரி தொய்ந்தது. நான் என்னை மறந்து அலறினேன் போலிருக்கிறது, தேவபிரசாதம் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குமிழிகள் நங்கூரக் கயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்தன. வந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றன. அடியிலிருந்து வருகிறவர்கள் பாதி வழியில் நின்றுதான் வர வேண்டும் என்று ஜெர்லின் சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் இரண்டு தலைகள் தண்ணீருக்கு மேலே வந்தன.

ஜெர்லின் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயிலிருந்ததைத் துப்பினாள். மூக்கின் ஓரத்தில் லேசாக ரத்தம் இருந்தது. இடுப்பில் கொக்கி இல்லை.

"கயிறு எங்க ஏளா?"

"கீழ கட்டியிருக்கேன்."

"நான் வேண்டாம்னு கையக் காட்டினேன் அக்கா," என்றார் பாலகணேஷ். அவர் குரலில் கோபத்தைத் தேடினேன், இல்லை. "கேக்கல. தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். இது போலீஸ் எடுக்க வேண்டியது." பிறகு மெதுவாகச் சொன்னார். "தனியா செய்ய விட முடியல. நானும்தான் பிடிச்சேன்."

"போலீஸுக்குச் சொல்லுவோம் சார். கரைக்குப் போன உடனே சொல்லுவோம். என்ன வழக்கு வேணும்னாலும் போடட்டும்," என்றாள் ஜெர்லின். "ஆனா வெளியாளு கை படுறதுக்கு முன்னால வீட்டாளு கை படணும்." என்னைப் பார்த்தாள். "பின்பக்கம் தகட்டுக்கு அடியில கிழிஞ்ச வலை கிடக்குது மயினி. அதுக்குள்ள உங்க தம்பி இருந்தாவ. நான் கொண்டுபோன சங்குப் பையில எடுத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும்."

"அவன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கடைசியாக எனக்கு மிச்சமிருந்த கேள்வி அது. கேட்காமல் விட முடியவில்லை.

"இடுப்புல ஈயம் கட்டியிருந்தாவ. இட்லித் தட்டுல ஊத்துன ஈயம், மயினி. நாலும் இருக்கு."

நீருக்குள் இறங்குகிறவர்கள் உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவார்கள். கடையில் விற்பதை வாங்காமல், பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி என் வீட்டு இட்லித் தட்டில் ஊற்றி வார்த்தவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருப்பான். தட்டு பாழாகிவிட்டதென்று துடைப்பத்தோடு அவனை வாசல் வரைக்கும் விரட்டினேன். தெருவில் நின்றுகொண்டு, கடலுக்கடியில போறப்பவும் அக்கா சுட்ட இட்லிய இடுப்புல கட்டிட்டுத்தான் போவேன் என்று கத்தினான். அக்கம்பக்கமெல்லாம் சிரித்தது.

முனம்பம் போய்விட்டது. கொச்சி போய்விட்டது. நான் உட்கார்ந்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஜெர்லின் இன்னும் தண்ணீரில்தான் நின்றாள், மேலே ஏறவில்லை. நான் அழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் அழுதாள். வள்ளத்தின் விளிம்பில் அவள் கை மேல் என் கையை வைத்தேன்.

"இழுங்க மயினி," என்றாள்.

தேவபிரசாதம் அண்ணன் முன்னால் வந்து கயிற்றைத் தொட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நீங்க விடுங்க அண்ணே," என்றேன். "நான் இழுத்துக்கிடுதேன்."

கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு இழுத்தேன். முதலில் தொய்வு வந்தது, பிறகு கயிறு விறைத்தது. ஒருமுறை இரும்பில் உரசி நின்று, விட்டுக்கொடுத்தது. அவசரப்படவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி, இடிக்காமல், ஒரு கை மாற்றி ஒரு கையாக எடுத்தேன். கனம் இருந்தது. கைக்கு வந்த கனமெல்லாம் அந்த நாலு ஈயக்கட்டியின் கனம்தான் என்று எனக்குத் தெரியும். காலடியில் ஈரக் கயிறு சுருண்டுகொண்டே போனது. ஜெர்லின் முகக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை மட்டும் மேலே தூக்கி, வருது, வருது என்று எனக்கு ஆட்டிக்கொண்டே இருந்தாள்.